ஓர்ஹூஸிலிருந்து வோபர்ன் வரை: அண்ணை சொல்லாமல் விட்டவை

ஐந்து நாள் என்று திட்டமிட்டு, ஒக்ரோபர் முதல் கிழமையில் ரொறன்ரோ போனேன். திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. இன்னும் காலையில் கண் விழிக்கும்போது எந்தக் கரையில் படுத்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் பிடிபடுவதில்லை. ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்குச் சொந்தம் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். நயாகராவைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். அந்தப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

போனது அண்ணையைப் பார்க்க. அண்ணையும் அவர் மனைவி வசந்தி மச்சாளும் ஸ்காபரோவில், வோபர்ன் என்ற பகுதியில் இருக்கிறார்கள். அண்ணை எனக்குப் பன்னிரண்டு வயது மூப்பு. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா அப்பாவோடு நான் டென்மார்க் வந்தேன். அவர் வேறு வழியால் கனடா போய்ச் சேர்ந்தார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனால் எட்டு வருடமாக எங்கள் தொலைபேசிப் பேச்சு சுருங்கிச் சுருங்கி, பிறந்தநாளுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கில் வந்து நின்றது. வயது போகிறது, அவரவர் பாடு அவரவர்க்கு என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வசந்தகாலத்தில் மச்சாள் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார்: "எனக்கு வருத்தம் வந்த நேரம் நீங்கள் வருவியள் எண்டு உங்கட அண்ணை பேஸ்மண்ட் அறையை எல்லாம் துப்பரவாக்கி, புதுக் கட்டில் வாங்கிப் போட்டவர் மச்சாள்." அவருக்கும் நான் மச்சாள்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்னை எப்போது கூப்பிட்டார்?

யோசித்துப் பார்த்ததில் எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு ஞாபகத்துக்கு வந்தது. "உங்க இப்ப வேலை கூடவோ பிள்ளை?" என்று கேட்டார். கூடத்தான் என்றேன். "சமர் லீவுக்கு எங்கையும் போறியோ?" இல்லை, வீட்டில்தான் என்றேன். "இஞ்ச மச்சாளுக்குக் கொஞ்சம் சுகமில்லை. பெரிசா ஒண்டுமில்லை." டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "ஓம் ஓம். சரி, வைக்கட்டே" என்றார். வைத்துவிட்டார். மச்சாளுக்கு அப்போது மார்பில் புற்றுநோய்; அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவ்வளவுதான் அழைப்பு. அவர் அதற்குள் என்னை வரச்சொல்லி முடித்துவிட்டார். நான் வரமாட்டேன் என்று சொல்லியும் முடித்துவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலே இதுதான். ஓர்ஹூஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வேலை செய்கிறேன். டேனிஷ்காரர்கள் தங்கள் சமையலறையிலும் காரிலும் தொலைபேசியிலும் கதைப்பதை, அவர்கள் சம்மதத்தோடு, ஒலிப்பதிவு செய்து தருவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத்தில் இறக்குவேன். அரைச் செக்கன் மௌனம் என்றால் அரைச் செக்கன் என்று எழுதவேண்டும். உள்ளே இழுத்த மூச்சையும் எழுதவேண்டும். ஒவ்வொரு வசனமும் அது விழுந்த இடத்தில் என்ன காரியம் பார்க்கிறது என்று ஆய்வாளர்கள் பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். "சனிக்கிழமை உனக்கு ஏதும் வேலை இருக்கா?" என்று ஒரு டேனிஷ்காரர் கேட்டால், மற்றவர் "இல்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடுவதில்லை. "ஏன், என்ன விஷயம்?" என்பார். கேட்பதற்கு முன் கதவைத் தட்டிப் பார்க்கிற கேள்வி அது என்று இருவருக்கும் தெரியும். அப்படியானவை எத்தனையோ நூறு எழுதியிருப்பேன்.

ஆகவே டென்மார்க்கில் வளர்ந்ததால் விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. டேனிஷில் கேட்டிருந்தால் அரைச் செக்கனில் பிடித்திருப்பேன். தமிழில் எனக்கு எழுத்தும் வாசிப்பும் நன்றாக வரும். ஆனால் என் பேச்சுத்தமிழுக்கு ஒன்பது வயதுக்கு மேல் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யாரும் உதவி கேட்பதில்லை. கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அண்ணை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் சமர்த்தாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இனியும் விட்டால் அண்ணையை அடியோடு இழந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் டிக்கெட் எடுத்தேன்.

இனிப் பயணம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர்ஹூஸில் ரயில் ஏறினால் பத்தே முக்காலுக்குக் கோப்பன்ஹேகன் விமான நிலையம். ஒன்று ஐந்துக்கு விமானம். எட்டு மணி முப்பத்தைந்து நிமிடம் பறந்து, ரொறன்ரோ நேரம் மூன்று நாற்பதுக்கு இறங்கியது. போக வர ஐயாயிரத்து இருநூறு டேனிஷ் குறோணர். கிறீன்லாந்துக்கு மேலால் போகும்போது ஜன்னல் முழுக்க வெள்ளை. வெயில் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த டேனிஷ் தம்பதி பேசுவது தூக்கத்துக்குள்ளும் கேட்டது. மனைவி எதையோ சொல்ல, கணவர் "நோ" என்றார். ஆங்கில நோ இல்லை, இது வேறு. இழுத்துச் சொன்னால் "அப்படியா", வெட்டிச் சொன்னால் "சரி, அது போகட்டும்", இரண்டு தரம் சொன்னால் "அடி சக்கை". அவர் மூன்றையும் சொன்னார். எந்தெந்தப் பேச்சுக்கு எதைச் சொன்னார் என்று எழுதிவைக்கக் கை தேடியது. கையில் பேனை இல்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் அண்ணை போன் எடுத்திருந்தார். "நான் ஏர்போட்டுக்கு வாறன்" என்றார். "வேண்டாம் அண்ணை, நான் ட்ரெயினில வாறன். உங்களுக்கேன் கரைச்சல்" என்றேன். "சரி சரி" என்றார். டென்மார்க்கில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். வற்புறுத்தினால் அது அடக்கமில்லாத செயல். நான் அந்த நிம்மதியோடு, ஐரோப்பாவுக்கு வெளியே பில் எகிறும் என்று போனையும் அணைத்துப்போட்டு வந்தேன்.

குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து நாலு முப்பத்தைந்துக்கு வெளியே வந்து, நேரே விமான நிலைய ரயிலில் ஏறினேன். யூனியன் நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிடம், பன்னிரண்டு டொலர் முப்பத்தைந்து சதம். அங்கிருந்து சுரங்க ரயில்: முதலாம் பாதையில் புளோர் வரைக்கும், பிறகு இரண்டாம் பாதையில் கிழக்கே வோர்டன் வரைக்கும். வோர்டனில் மார்க்கம் வீதி பஸ். சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து மூன்று டொலர் முப்பது சதம்தான், அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே மஞ்சள் வெளிச்சம், சிவந்த மேப்பிள் மரங்கள், அகன்ற வீதி, தமிழ்ப் பெயர்ப்பலகைகள். கண்ணை மூடினால் குரல்கள் மட்டும் மிதந்தன. என் வாழ்நாளில் பொதுப் போக்குவரத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் தமிழை ஒட்டுக்கேட்டது அதுதான் முதல் முறை. இறங்க மனமே வரவில்லை.

ஆறு ஐம்பதுக்குக் கதவைத் தட்டினேன். மச்சாள் திறந்தார். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு என் தோளுக்கு மேலால் வீதியைப் பார்த்தார்.

"அவர் எங்கை?"

"ஆர், அண்ணையோ?"

"உங்களைக் கூட்டிவர ஏர்போட்டுக்கெல்லோ போனவர்! ரெண்டரைக்கே வெளிக்கிட்டிட்டார்."

மச்சாள் அவருக்குப் போன் எடுத்தார். வீட்டிலிருந்து விமான நிலையம் நாற்பது கிலோமீற்றர். நெடுஞ்சாலை நெரிசலில் அவர் வந்து சேர எட்டு மணி. ஒரு வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது, அதைக் காதில் வாங்காமல் போய் நிற்பதுதான் மரியாதை என்பது அண்ணையின் உலகம். அந்த உலகத்திடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வந்தேன், வந்து இறங்கிய உடனேயே அதே பிழையைத் திரும்பவும் செய்துவிட்டேன்.

அண்ணை உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மச்சாளின் குளிர்ச்சட்டை ஒன்று. எனக்குக் குளிரும் என்று கொண்டுபோயிருக்கிறார்.

"வந்திட்டியோ. ட்ரெயின் வசதியோ?" என்று மட்டும் கேட்டார்.

டென்மார்க்கில் தெரிந்தவர்களைத் திரும்பச் சந்திக்கும்போது முதல் வேலையாகக் கடந்த முறை கண்டதுக்கு நன்றி சொல்வார்கள். உன்னோடு இருந்த அந்தப் பொழுதை நான் மறக்கவில்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி அது. என் வாய் பழக்கத்தில் அதைத் தமிழில் சொல்ல உன்னியது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் விழுங்க முடியுமா? சாப்பிட்டு முடித்ததும் "சாப்பாட்டுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டேன். அங்கே சொல்லாமல் எழும்பினால் பெரிய குறை. மச்சாளின் முகம் ஒரு மாதிரிப் போனது. "இதென்ன கடைச் சாப்பாடே, நன்றி சொல்லுறதுக்கு?" என்றார். அது போதாதென்று, தூக்கம் சொக்கியதும் இரண்டு தொடையிலும் பட்டென்று தட்டி "நோ!" என்றேன். டென்மார்க்கில் விருந்தாளி இப்படிச் செய்தால் போகும் நேரம் வந்துவிட்டது என்று வீடே எழுந்து நிற்கும். இங்கே மச்சாள் சுற்றுமுற்றும் பார்த்து, "என்ன, நுளம்போ?" என்று கேட்டார். அண்ணை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை முற்றத்தில் மேப்பிள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணை, மச்சாளுக்குச் சுகமில்லாத நேரம் நீங்கள் என்னை வரச்சொல்லிக் கேட்டது எனக்கு விளங்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "நான் என்ன கேட்டனான்? நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார். பிறகு, "வெளியில குளிர், உள்ளுக்குப் போ" என்றார்.

உண்மைதான். அவர் கேட்கவில்லை. நேரே கேட்டிருந்தால் நான் நேரே மறுக்கவேண்டி வந்திருக்கும்; எனக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் அவர் சுற்றி வளைத்தார். இப்போது அதே சுவர் என் மன்னிப்புக்கும் குறுக்கே நின்றது. கேட்காத ஒன்றை நான் மறுத்ததாக ஆகாது, மறுக்காத ஒன்றை அவர் மன்னிக்கவும் முடியாது. அன்று பகல் முழுக்க வோபர்ன் தெருக்களில் நடந்தேன். உடம்பு இன்னும் டென்மார்க் நேரத்திலேயே இருந்தது. மதிய வெயிலில் எனக்கு அந்திப்பொழுது. கடையில் சம்பலுக்குத் தேங்காய்ப்பூ கேட்டவளும், மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனவரும் என்னைக் கடந்து போனார்கள். அவர்களெல்லாம் தங்களுக்குள் என்னென்ன கேட்டுக்கொள்கிறார்கள், எனக்கு எதுவும் தெரியாது என்ற நினைப்பில் அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை தேநீர் குடிக்கும்போது அண்ணை பொதுவாகச் சொன்னார்: "றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டைப் போய்க் கனகாலம். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு ஹைவேயில கார் ஓடுறது சரியில்லை."

"அப்படியோ, கண் இப்ப பரவாயில்லையோ?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விமான நிலையத்துக்கு அந்தக் கண்ணோடு அவர் எண்பது கிலோமீற்றர் ஓடியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு செக்கன் போனது. இரண்டாவது செக்கனும் போனது.

"கார்த் திறப்பைத் தாங்கோ, அண்ணை. நான் ஓடுறன்."

வேட்டி மாற்றிக்கொண்டு வர அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மச்சாள் தனக்கு வேலை இருக்கிறது என்று வீட்டில் நின்றுவிட்டார். அவர் வேலை என்னவென்று எனக்கு அன்றைக்கே விளங்கியது.

பேவியூ வீதியில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு வோபர்னிலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர், சனி காலையில் நாற்பது நிமிடம். காரில் ஒரு வசதி, இருவரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் எழுதும் ஒலிப்பதிவுகளிலும் மனிதர் மனம் திறப்பது பெரும்பாலும் காரில்தான். கோயிலில் பூசை பார்த்து, திரும்பி வரும் வழியில் மெல்லிய பனிப்புகார் இறங்கியிருந்தது. முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. மடியில் பிரசாதத்தை வைத்துக்கொண்டு அண்ணை கதைக்கத் தொடங்கினார்.

"மச்சாளுக்கு மருந்தேத்த இந்த றோட்டாலதான் கொண்டு போறனான். பதினாறு தரம். வரேக்க பின் சீற்றில படுத்திருப்பா. சத்தி எடுத்தா நிப்பாட்டக்கூட இடமில்லை." கொஞ்சத் தூரம் போனது. "வீட்டில ஆராவது ஒராள் நிண்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முறைப்பாடு அது. என்னிடம் மன்னிப்பு வசனங்கள் ஏராளமாக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. என்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "ய" என்றேன். டேனிஷ்காரர்கள் துக்கமான, இனித் திருத்த முடியாத விஷயத்தை ஒப்புக்கொள்ளும்போது ஆமாம் என்பதை அப்படித்தான், மூச்சை வெளியே விடாமல் உள்ளே எடுத்துச் சொல்வார்கள். நீ சொன்னது என்னுள்ளே போய்விட்டது, என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை என்று பொருள்.

அண்ணை பதறிப்போய்த் திரும்பினார். "என்ன பிள்ளை, நெஞ்சுக்கை நோகுதோ?"

"இல்லை அண்ணை. அது அங்கத்தை ஓம்."

"மூச்சை உள்ளுக்கு இழுத்தோ?"

"ஓம். நீங்கள் சொன்னது சரி, நான் வந்திருக்கோணும் எண்டு அர்த்தம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து "ஓம்" என்று சொல்லிப் பார்த்தார். இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது இருமலால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஹைவேயை விட்டு வெளிவழியில் இறங்கிக் காரை ஓரம் கட்டினேன். அவர் பிரசாதத்திலிருந்த வாழைப்பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூவரும் புளவ்ஸ் என்கிற வெண்மண் மலைச்சரிவுகளைப் பார்க்கப் போனோம். வோபர்னிலிருந்து பதினொரு கிலோமீற்றர், இருபது நிமிடம். கீழே ஏரி. கரை தெரியாத ஏரி. உப்பு மணம் இல்லாததால்தான் கடல் இல்லை என்று நம்பவேண்டியிருந்தது. மறுநாள் மாலை எனக்கு விமானம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணை தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை வெயிலாம்."

ஹெட்போனோடு இருந்திருந்தால் நான் இப்படி எழுதியிருப்பேன்: மௌனம், ஒன்று தசம் இரண்டு செக்கன். அலை. ஒரு குருவி.

"அப்ப நான் புதன்கிழமை போறன், அண்ணை."

"ஏன், உனக்கு வேலை இல்லையோ?"

"இருக்கு."

"ம்ம்" என்றார். மச்சாள் பின்னாலிருந்து, "அப்ப நாளைக்கு மீன் வாங்கோணும்" என்றார். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். எனக்கு மாற்ற ஆயிரத்து நூறு குறோணர் போனது, அதிலும் நல்ல செலவு நான் செய்ததில்லை. போனுக்குக் கனடா சிம் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஐரோப்பியச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு அங்கே கார் ஓடலாம், ஆனால் சொந்தக்காரரின் வண்டிக் காப்புறுதி உங்களுக்கும் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அண்ணை வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும்; சொல்லிவிட்டு வெளியே வந்ததும் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். உங்கள் மொழி நின்றுபோன வயது எதுவென்று விமானத்திலேயே யோசித்து வைத்துக்கொள்வதும் நல்லது.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நல்ல மழை. அண்ணை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நானும் போய் நின்றேன். முற்றத்தில் கூட்டி வைத்த சருகெல்லாம் நனைந்து கிடந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் இப்பிடித்தானாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த முறை என்னால் முடியாது. வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மார்ச்சில வந்து ஒரு மாதம் நிக்கட்டே, அண்ணை?"

அண்ணை திரும்பி என் முகத்தை நேரே பார்த்தார்.

"நில்லன்" என்றார்.